‘ஹோம் நர்ஸ்’ என்று யாரை அழைப்பது? வீட்டுப் பராமரிப்பாளர் தகுதி, பயிற்சி குறித்து அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை,
தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை,
தமிழ்நாடு அரசு, சென்னை.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பக்கவாதம் வந்து மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்த ஒரு பெரியவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மூக்கு வழியே வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப், கட்டிலோரம் யூரின் பேக், இடது கையும் காலும் அசைவில்லை. "ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வார்டில் வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் ஏஜென்சிக்குப் போன் போடுகிறார்கள். மறுநாள் காலை 8 மணிக்கு ஒரு பெண் கையில் துணிப்பையோடு வாசலில் நிற்கிறார். ‘ஹோம் நர்ஸ்’ வந்துவிட்டார் என்று வீடு நிம்மதியாகிறது. அவருக்கு டியூபில் கஞ்சி ஊற்றத் தெரியுமா, அசைவில்லாத கையை எப்படித் தாங்க வேண்டும் என்று யாராவது காட்டியிருக்கிறார்களா, இன்சுலின் போடச் சொன்னால் மறுக்கலாம் என்பதாவது அவருக்குத் தெரியுமா? குடும்பம் கேட்பதில்லை. ஏஜென்சி சொல்வதில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்த தாள் ஒன்றும் அரசிடம் இல்லை. அந்தத் தாளைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நாங்கள் வீட்டுப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தரும் செவிலியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும். யார் மீதும் குறை சொல்ல எழுதவில்லை. எந்தத் தகுதி வேண்டும், எத்தனை மணி நேரம் பயிற்சி வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்பதை வேலையின் உள்ளிருந்து சொல்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கான கணிப்பு 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்து நாம்தான். முதியோர் மருத்துவத்தில் இந்த மாநிலம் பின்தங்கியதும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது; கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோய்த் தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தின் செவிலியர் வந்து போன பிறகு மிச்சமுள்ள 23 மணி நேரம் யார் கையில் என்பதில்தான் இடைவெளி.

சட்டத்தில் இவர்களுக்கு இடம் எங்கே என்று தேடினால் ஒவ்வொரு கதவும் பாதியில் நின்றுவிடுகிறது. செவிலியர் என்றால் துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். 2 ஆண்டு, பட்டயப் படிப்பான ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, இவற்றில் ஒன்றைப் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர். 2021-இன் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் குறைந்தது 2,000 மணி நேரப் பட்டயப் படிப்பிலிருந்துதான் ஒருவரைக் கணக்கில் எடுக்கிறது. சில வாரப் பயிற்சியோடு வேலைக்கு வருபவர் அதன் கண்ணில் படமாட்டார். 2007-இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஜீவனாம்சத்தையும் முதியோர் இல்லங்களையும் பேசுகிறது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நிறுவனங்களையும் அதன் கீழ் கொண்டுவர 2019-இல் ஒரு திருத்த மசோதா மக்களவையில் வைக்கப்பட்டது. 2024-இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. சுகாதாரத் துறைக்கான திறன் குழுமம் வீட்டு உதவியாளருக்கும் முதியோர் உதவியாளருக்கும் பாடத்திட்டம் வைத்திருக்கிறது, சான்றிதழும் தருகிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வேலைக்கு அனுப்பக் கூடாது என்று எந்த ஏஜென்சியையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

முதலில் பெயரைச் சரி செய்யுங்கள். செவிலியர் குழுமத்தில் பதிவில்லாத ஒருவரை ‘ஹோம் நர்ஸ்’ என்று விளம்பரம் செய்யவோ, வெள்ளைக் கோட்டு மாட்டி அனுப்பவோ கூடாது என்று ஓர் ஆணை போதும். இது கௌரவப் பிரச்சினை என்று தோன்றலாம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. நர்ஸ் என்று பெயர் வைத்த அன்றே, நர்ஸ் செய்யும் எல்லாவற்றையும் வீடு கேட்கத் தொடங்கிவிடும். தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் அவரும் செய்துவிடுவார். ‘வீட்டுப் பராமரிப்பாளர்’ என்ற சொல் எல்லோருக்கும் புரியும். அதையே அடையாள அட்டையில் அச்சிடலாம்.

அடுத்தது தகுதி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று ஒரு வரி எழுதிவிட்டால் கோப்பு முடிந்துவிடும் என்று நினைக்கும் பழக்கம் இருக்கிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்த வேலையில் இப்போது இருப்பவர்களில் பள்ளியைப் பாதியில் விட்ட பெண்கள் ஏராளம். பத்து ஆண்டு ஒரே ஒரு படுக்கைப் புண்கூட வராமல் நோயாளிகளைப் பார்த்த கைகள் அவர்களிடையே உண்டு. பிளஸ் டூ முடித்துவிட்டு டயப்பரைத் தொட முகம் சுளிப்பவர்களும் உண்டு. வேலைக்கு உண்மையில் தேவையான எழுத்தறிவு எது என்று பாருங்கள்: மாத்திரை அட்டையில் பெயரையும் காலாவதித் தேதியையும் படிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தக் கருவிகளில் வரும் எண்ணை அப்படியே நோட்டில் எழுத வேண்டும். உள்ளே போன தண்ணீர், வெளியே வந்த சிறுநீர் இரண்டையும் மி.லி. கணக்கில் கூட்டிப் போட வேண்டும். இதை 20 நிமிடத்தில் நேரில் சோதித்துவிடலாம். அதில் தேறியவரிடம் பள்ளிச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். காசநோய் இல்லை என்று பரிசோதனை, 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, எடை தூக்க முடியாத முதுகுத்தண்டு பாதிப்பு இல்லை என்ற மருத்துவச் சான்று. தடுப்பூசிச் செலவை அவர் தலையில் கட்டக் கூடாது. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போட வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்புக்கு இணையவழிச் சேவை ஏற்கெனவே இருக்கிறது. அதை ஏஜென்சி செய்து சான்றை வீட்டாரிடம் காட்ட வேண்டும் என்றால் போதும்.

பயிற்சிக்கு வருவோம். எங்களுக்குச் சொல்ல அதிகம் இருப்பது இதில்தான்.

படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கும் வேலை. பெரும்பாலும் தப்பாக நடப்பதும் அதுவே. சரியான முறை இப்படி: முதலில் அவரிடம் சொல்ல வேண்டும், பேச்சு வராதவராக இருந்தாலும். யூரின் குழாய் தொடைக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து விலக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பப் போகிறோமோ அதற்கு எதிர்ப்பக்க விளிம்புக்கு, இடுப்புக்கு அடியில் விரித்த குறுக்குத் துணியைப் பிடித்து உடலை முதலில் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் திரும்பியபின் கட்டில் ஓரத்தில் வந்து நிற்பார். இதை ஒருவர் தனியாகச் செய்வதானால், அந்த எதிர்ப்பக்கம் கீழே விழாதபடி தடுப்பு இருக்க வேண்டும். பிறகு திருப்பப் போகும் பக்கம் வந்து நின்று, தூரத்து முழங்காலை மடக்கி, தூரத்துக் கையை மார்பின் மேல் வைத்து, ஒரு கையைத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலும் மறு கையை இடுப்புக்குப் பின்னாலும் கொடுத்துத் தன் பக்கம் உருட்ட வேண்டும். அசைவில்லாத கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு கிண்ணத்திலிருந்து இறங்கிவிடும்; அதன்பின் அந்தக் கையில் வரும் வலி மாதக்கணக்கில் போகாது, பயிற்சியும் செய்ய விடாது.

உருட்டியதோடு வேலை முடியவில்லை. முழுப் பக்கவாட்டில், இடுப்பு எலும்பின் மேலேயே படுக்க வைத்தால் அந்த எலும்பு முனையில் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்த வேண்டும். முழங்கால்களுக்கு இடையில் ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை இது. திருப்பும்போதெல்லாம் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் ஊர்க் கறுத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்: சுற்றியுள்ள இடத்தைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, கல் போல் இறுகியோ, கொழகொழவென்றோ இருக்கிறதா. வெள்ளைத் தோலின் படங்களை வைத்துப் பாடம் நடத்தினால் நம் பராமரிப்பாளர் முதல் கட்டத்தைத் தவறவிட்டு, தோல் உரிந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்.

காலங்காலமாகச் சொல்லித் தந்ததில் கைவிட வேண்டியவையும் உண்டு. ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்ப்பது தோலை உலர்த்தி உரிக்கும். சிவந்த இடத்தை அமுக்கித் தேய்த்தால் உள்ளே நலிந்திருக்கும் திசு மேலும் சிதையும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தின் மேல் உட்கார வைத்தால், வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று வீட்டார் சொல்வார்கள். அதன் பம்பை நோயாளியின் எடைக்கேற்ப வைக்கவில்லையென்றால், மேலே நான்கு போர்வை விரித்துவிட்டால், அது சாதாரண மெத்தைதான். இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால், எலும்பு கையில் இடிக்கக் கூடாது. எந்த மெத்தையாக இருந்தாலும் திருப்புவது நிற்காது.

இங்கே இடம் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி மையத்தில் கைப்பிடியைச் சுற்றினால் உயரும் இரும்புக் கட்டில். இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யலாம். வீட்டில் இருப்பது முழங்கால் உயரத் தேக்குக் கட்டில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியது. சுவர்ப் பக்கம் போய் நிற்க முடியாததால் பராமரிப்பாளர் நோயாளியை எப்போதும் தன் பக்கமே திருப்புவார். ஒரே இடுப்பில் புண் வரும். குனிந்து குனிந்து அவருக்கும் முதுகுவலி வரும். ஆகவே ஒவ்வொரு பயிற்சி மையத்திலும் ஒரு தாழ்வான மரக் கட்டில், ஒரு கயிற்றுக் கட்டில், வாசற்படி உயர்ந்த குறுகலான குளியலறை, இந்திய முறைக் கழிப்பிடத்தின் மேல் போடும் ஓட்டை நாற்காலி இவையெல்லாம் இருக்க வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டடி இழுத்துப் போட வீட்டாரைச் சம்மதிக்க வைப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

உணவு ஊட்டுவதில் நடக்கும் தவறு புண்ணைப் போல மெதுவாக வராது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் தசை தளர்ந்தவருக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. கெட்டியான கூழைவிட தண்ணீரும் காப்பியும் வேகமாகப் புரையேறும். படுத்த வாக்கில் ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்று இறக்கி, அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. அசைவில்லாத பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கும். விரலால் துழாவாமல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ஈரத் துணியால் எடுக்க வேண்டும். சாப்பிட்டபின் குரல் தண்ணீர் கொப்பளிப்பது போல் கரகரத்தால் உணவு மூச்சுக்குழல் வாயில் நிற்கிறது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். இருமல் வரவில்லையே என்று தொடரக் கூடாது. சிலருக்கு இருமும் சக்தியே போயிருக்கும்.

ரைல்ஸ் டியூப் இருந்தால் முதல் பார்வை குழாயின் மேல் மூக்கோரத்தில் போட்ட குறி. அது நகர்ந்திருந்தாலோ, வாய்க்குள் குழாய் சுருண்டு தெரிந்தாலோ, ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. தானே உள்ளே தள்ளவும் கூடாது. சிரிஞ்சில் காற்றைத் தள்ளி வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதை நம்ப முடியாது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். குறி சரியாக இருந்தால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, 30 மி.லி. தண்ணீர், பிறகு வடிகட்டிய கஞ்சி 200 முதல் 250 மி.லி., மறுபடி 30 மி.லி. தண்ணீர். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும். உந்தி அழுத்தக் கூடாது. முடிந்தபின் ஒரு மணி நேரம் தலை உயர்ந்தே இருக்கட்டும். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்துத் தனித்தனியே கரைக்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். எந்த மாத்திரை அந்த வகை என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே மருந்தாளுநர் குறித்துத் தர வேண்டும் என்று உங்கள் துறை ஆணையிட்டால், பல வீடுகளில் ஆபத்து நீங்கும்.

இன்சுலினை ஏன் பராமரிப்பாளர் கையில் விட அஞ்சுகிறோம் என்பதற்கு மருந்துக் கடை மேசையிலேயே பதில் இருக்கிறது. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.-க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா வடிவ ஊசிக் கருவியில் வருவது பெரும்பாலும் 1 மி.லி.-க்கு 100 யூனிட்; அந்த அளவுக்கான சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி. இரண்டும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 8 யூனிட். பேனா பழுதாகி, அதன் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். முதலாவதில் சர்க்கரை ஏறும். இரண்டாவதில் நோயாளி விடிவதற்குள் நினைவிழக்கலாம். நிறத்தையும் எண்ணையும் பொருத்திப் பார்க்கத் தெரியாத எவரும், சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்சுலின் தொடக் கூடாது. சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தே ஆக வேண்டும்: 70-க்குக் கீழ், நினைவு தெளிவாக இருக்கிறது, விழுங்க முடியும் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், தோராயமாக 3 டீஸ்பூன், தண்ணீரில் கலந்து; 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. நினைவில்லை என்றால் வாயில் எதையும் வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைப்பது. சர்க்கரைத் தண்ணீரை நினைவிழந்தவர் வாயில் ஊற்றுவது பாசத்தால் நடக்கும் தவறு. அது நுரையீரலுக்குத்தான் போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்ய வேண்டும். நான்கு மணி நேரம் ஒன்றும் வரவில்லை என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா பார்த்து, இல்லையென்றால் நர்ஸுக்குச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியை நோயாளியின் பலமுள்ள பக்கம் வைத்து, பிரேக் போட்டு, கால்மிதியைத் தூக்கிய பிறகே எழுப்ப வேண்டும். ஆக்சிஜன் கருவி ஓடும் அறையில் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுவத்தி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டுப் பெரியம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

மறதி நோய்க்குத் தனியாக 20 மணி நேரமாவது வேண்டும். மாலை நேரம் ஆனதும் ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று கதவைத் தட்டும் அம்மாவிடம் ‘இதுதானே உங்க வீடு’ என்று வாதாடினால் அடிதடியில் முடியும். ‘காப்பி குடிச்சிட்டுப் போலாம்மா’ என்று கூடத்துக்கு அழைத்து வருவது பயிற்சியால் வரும் திறமை. கட்டிலில் கட்டிப்போடக் கூடாது என்று மட்டும் சொல்லித் தந்தால் போதாது. கட்டாமல் எப்படிச் சமாளிப்பது என்று செய்து காட்ட வேண்டும். நேற்று வரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால், அது மறதி முற்றியதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, புது மாத்திரையோ காரணமா என்று அன்றே கேட்கும் பழக்கமும் வர வேண்டும்.

இவ்வளவுக்கும் எத்தனை மணி நேரம் தேவை? அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பணம் பெறும் நிறுவனங்கள் அனுப்பும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரம் போதும், அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை. ஜப்பானில் தொடக்கநிலைப் பயிற்சி 130 மணி நேரம். இந்த எண்களைக் காட்டி, நமக்கும் இரண்டு வாரம் போதுமே என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அமெரிக்காவில் அந்த 75-க்குப் பிறகு ஆண்டுதோறும் 12 மணி நேர மறுபயிற்சி உண்டு. செவிலியர் சேவை தேவைப்படும் நோயாளி என்றால் 14 நாளுக்கு ஒரு முறை பதிவு பெற்ற செவிலியரோ சிகிச்சையாளரோ மேற்பார்வை பார்க்க வேண்டும். ஜப்பானில் 2000-இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் பராமரிப்புத் திட்டத்தை எழுதித் தொடர்ந்து கவனிக்கவே ஒரு மேலாளர் இருக்கிறார். நம் பராமரிப்பாளர் திருநின்றவூரிலோ திண்டுக்கல்லிலோ ஒரு வீட்டுக்குள் போனால், மாதக்கணக்கில் தட்டிக் கேட்கவோ சொல்லித் தரவோ ஒருவரும் வருவதில்லை. பின்னால் துணை இல்லாதவருக்கு முன்னால் கூடுதலாகக் கற்றுத்தர வேண்டும்.

நாங்கள் கேட்பது இரண்டு நிலை. முதல் நிலை 240 மணி நேரம், ஆறு வாரம்: 90 வகுப்பிலும் மாதிரிக் கட்டிலிலும், 150 வார்டில். எழுந்து நடமாடும் முதியவர், குணமாகி வருபவர் ஆகியோரைப் பார்க்க இது போதும். இரண்டாம் நிலைக்கு மேலும் 120 மணி நேரம்: படுத்த படுக்கையாக இருப்பவர், டியூப் உள்ளவர், மறதி நோயாளி. வார்டுப் பயிற்சியை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதியோர் பிரிவிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் நோய்த் தணிப்புப் பிரிவிலும் நடத்தலாம். பயிற்சிக் காலத்தில் தினப்படி கொடுங்கள். ஒன்பது வாரம் கூலி இல்லாமல் இருக்கக்கூடியவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை.

தேர்வு எழுத்துத் தேர்வாக இருக்கக் கூடாது. பயிற்சி தந்த நிறுவனமே மதிப்பெண் போடவும் கூடாது. வெளியிலிருந்து இரண்டு செவிலியர், ஆறு மேசை, மேசைக்கு பத்து நிமிடம்: திருப்புதல், நாற்காலிக்கு மாற்றுதல், வாய்வழி ஊட்டுதல், டியூபில் கொடுத்தல், கை கழுவி யூரின் பேக் காலி செய்தல், ஒரு நாள் நோட்டை எழுதி அடுத்த ஷிப்ட்காரரிடம் ஒப்படைத்தல். ஒவ்வொன்றிலும் மன்னிக்க முடியாத பிழை எது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட வேண்டும். அசைவில்லாத கையைப் பிடித்துத் தூக்கினால், குறியைப் பார்க்காமல் டியூபில் ஊற்றினால், மற்றதில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தோல்வி. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரட்டும், கட்டணம் இல்லாமல். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் வகுப்புக்கு வராமலே நேராக இந்தத் தேர்வுக்கு வரலாம். எந்த மேசையில் தவறினார்களோ அந்தப் பாடத்தை மட்டும் படித்தால் போதும். அனுபவச் சான்று காட்டினார் என்பதற்காக, செய்து காட்டாத எவருக்கும் அட்டை தர வேண்டாம். தவறான முறையையே இருபது ஆண்டு பழகியவரும் உண்டு.

தேர்ச்சி பெற்றவருக்கு ஒரு தாள் தர வேண்டும், வீட்டுச் சுவரில் ஒட்டும்படியாக. அதில் மூன்று பத்தி. பராமரிப்பாளர் தானே செய்யக்கூடியவை: குளிப்பாட்டுதல், திருப்புதல், ஊட்டுதல், டயப்பர் மாற்றுதல், வாய்ச் சுத்தம், அளவுகளை எழுதுதல், பெட்டியில் பிரித்து வைத்த மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தல். அந்த நோயாளியின் படுக்கையருகே செவிலியர் செய்து காட்டி, திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்து, கையெழுத்திட்ட பிறகே செய்யக்கூடியவை: டியூபில் உணவு, பேனாவில் முன்பே குறித்துத் தந்த அளவு இன்சுலின், நெபுலைசர். ஒருபோதும் கூடாதவை: மேலே சொன்ன பேனா இன்சுலின் தவிர வேறு ஊசி, டிரிப், ரைல்ஸ் டியூபோ சிறுநீர்க் குழாயோ போடுவது, தொண்டைத் துளையில் சளி உறிஞ்சுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஆக்சிஜன் அளவைக் கூட்டுவது, மருந்தின் அளவை மாற்றுவது. மூன்றாம் பத்தியில் உள்ளதைச் செய்ய மறுத்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து அனுப்பினால் அது தண்டனைக்குரியது என்றும் விதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பத்தி வெறும் மை.

ஏஜென்சிகளுக்குப் பதிவும் உரிமமும் வேண்டும். அட்டை உள்ளவரை மட்டுமே அனுப்ப வேண்டும். 20 பராமரிப்பாளருக்கு ஒரு பதிவு பெற்ற செவிலியரை மேற்பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். இரண்டாம் நிலை நோயாளி வீட்டுக்கு அவர் மாதம் இருமுறை நேரில் போக வேண்டும். குடும்பம் கொடுக்கும் தொகை எவ்வளவு என்று பராமரிப்பாளருக்கும், பராமரிப்பாளர் கையில் சேர்வது எவ்வளவு என்று குடும்பத்துக்கும் தெரியாத நிலைதான் பல இடங்களில் இருக்கிறது. இரண்டு தொகையையும் ஒரே ரசீதில் அச்சிடச் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் பயிற்சியைப் பேசிப் பயனில்லை. இரவு 10, 12, 2, 4, 6 என்று திருப்ப வேண்டிய நோயாளிக்கு 24 மணி நேரமும் ஒரே ஆளை வைத்தால், அவர் ஐந்து முறை எழுந்து, பகலிலும் நிற்க வேண்டும். நான்காவது நாள் இரவு 2 மணிக்கு அவர் எழ மாட்டார், எழ முடியாது. புண் வந்தபின் ‘கவனிக்கவில்லை’ என்று பழி அவர் மேல் விழும். இரவிலும் திருப்ப வேண்டிய நோயாளிக்கு இரண்டு பேர், 12 மணி நேர ஷிப்ட், அல்லது அந்த வீட்டின் ஒருவர் இரவு வேலையை எழுத்தில் ஏற்பது என்று விதி செய்யுங்கள். தங்கி வேலை செய்பவருக்கு உள்தாழ்ப்பாள் உள்ள இடம், வாரம் ஒரு முழுநாள் விடுப்பு, வீட்டார் சாப்பிடும் அதே சாப்பாடு. பாலியல் தொல்லை நடந்தால் 2013-இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் வீட்டுப் பணியாளரும் புகார் தரலாம். அந்த முகவரியும் தொலைபேசி எண்ணும் அட்டையின் பின்புறம் அச்சாக வேண்டும். 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் இவர்களைத் தனிப் பிரிவாகச் சேர்த்து, அட்டை கிடைத்த அன்றே பதிவும் முடியும்படி செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘ஹோம் நர்ஸ்’ என்ற பெயருக்குத் தடை, மூன்று பத்தித் தாள், டிஸ்சார்ஜ் நாளில் பராமரிப்பாளரை வார்டுக்கே வரவழைத்து ஒரு மணி நேரம் செய்து காட்டுவது, இந்த மூன்றையும் அரசாணையிலேயே தொடங்கலாம். அதிலும் கடைசியில் சொன்னது அரசு மருத்துவமனைகளில் அடுத்த மாதமே முடியும்; வார்டு செவிலியரின் பணி நேரத்தில் அந்த ஒரு மணியை எழுதி ஒதுக்கினால் போதும். பயிற்சியையும் தேர்வையும் சென்னை, மதுரை, கோவை மூன்று இடங்களில் ஓராண்டு நடத்திப் பார்த்து, எந்த மேசையில் அதிகம் பேர் தவறுகிறார்கள் என்பதை வெளியிட்டு, அதைக் கொண்டு மணிக்கணக்கைத் திருத்துங்கள். நாங்கள் சொன்ன 240, 120 என்பவை கூடலாம், குறையலாம். வார்டு நேரத்தை மட்டும் வெட்ட வேண்டாம். சிக்கனம் என்று வந்தால் முதலில் கை வைப்பது அதில்தான்.

மூன்று பத்தித் தாளின் மாதிரியையும், ஆறு மேசைகளுக்கான பிழைப் பட்டியலையும் தமிழில் தயாரித்து இந்த மடலுடன் மூன்று துறைகளுக்கும் அனுப்பியிருக்கிறோம். திருத்தம் சொல்ல ஒரு கூட்டம் கூட்டினால், வேலையில் இருக்கும் பராமரிப்பாளர்கள் பத்துப் பேரையாவது அந்த மேசையில் உட்கார வைக்க வேண்டும்; அன்றைய கூலியை ஈடு செய்து அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள செவிலியர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள்